இடது கார்டுக்கு ஒரு கேக்

லாக்கவானா, நியூயார்க்
மார்ச், வியாழன் மதியம்

அன்புள்ள ஐரீன் அத்தைக்கு,

ஆமாம், கேக் வாங்கியது அப்பாதான். அதில் பெயர் எழுதச் சொன்னதும் அப்பாதான். அதை எடுத்துவர யாரை அனுப்பினார் என்று நீங்கள் கேள்விப்பட்டதும் உண்மைதான். செஸ்டர் உங்களிடம் தொலைபேசியில் சொன்னதில் ஒன்று மட்டும் பொய். நான் தட்டை எறியவில்லை. தட்டு நழுவியது.

நலம் விசாரிக்காமலே தொடங்கிவிட்டேன். உங்கள் புது முட்டி எப்படி இருக்கிறது? அரிசோனாவில் இப்போதே வெயில் ஏறியிருக்கும். இங்கே ஏரி இன்னும் பாதி உறைந்து கிடக்கிறது. நாங்கள் எல்லோரும் நலம். இல்லை, அதை அடித்துவிடுங்கள். யார் நலம், யார் நலமில்லை என்று எனக்கே தெரியவில்லை.

முதலிலிருந்து சொல்கிறேன். பாலைவனத்தில் கோல்ஃப் பார்த்துப் பார்த்து நீங்கள் நம் அமெரிக்கக் கால்பந்தை மறந்திருப்பீர்கள். பந்தை வீச ஒருவர். அவருக்கு முன்னால் ஐந்து பெரிய உடம்புகள் வரிசையாகக் குனிந்து நிற்கும். எதிரிகள் அவரைத் தரையில் சாய்க்க ஓடிவருவார்கள். ஐவரும் மறிக்க வேண்டும். நடுவில் நிற்பவர் பந்தைப் பின்னால் எடுத்துக்கொடுப்பதோடு சரி. மற்ற நால்வருக்குப் பந்தோடு சம்பந்தமே இல்லை. நன்றாக மறித்தால் யாரும் பார்ப்பதில்லை. ஒருமுறை தவறவிட்டால் ஊரே பெயர் சொல்லிக் கூப்பிடும். நடுவில் நிற்பவருக்கு இடப்பக்கம் காவலாக நிற்பவர்தான் இடது கார்டு. நான் கல்யாணம் செய்துகொண்டது அவரைத்தான்.

போன பருவத்தில் நம் அணியில் பந்து வீசுபவர் தரையில் மல்லாந்து வானத்தைப் பார்த்த நேரம்தான் அதிகம். ஜனவரியில் அணியின் மேலாளர் தொலைக்காட்சியில் தோன்றினார். "இந்த வருஷம் முன்வரிசையைப் பலப்படுத்தப்போறோம். ஒப்பந்தம் முடிஞ்சு வெளிய வர்ற நல்ல ஆளுங்களைப் பிடிப்போம்."

அப்பா மேசையில் ஓங்கி அடித்தார். "அப்படிப் போடு! மூணு வருஷமா இதைத்தானே கத்திக்கிட்டிருக்கேன்!"

ஓவன் பக்கத்தில் உட்கார்ந்து பியரோகி கொழுக்கட்டை தின்றுகொண்டிருந்தான். "தேவைதாங்க, மிஸ்டர் டுடெக்," என்றான். கல்யாணமாகி நான்கு வருடம். இன்னும் மிஸ்டர் டுடெக். மினசோட்டாவில் அப்படித்தான் வளர்க்கிறார்கள்.

நான் கேட்டேன். "பலப்படுத்துறதுன்னா, யாரை எடுத்துட்டு?"

தேவாலயத்தில் விசிலடித்தவளைப் பார்ப்பதுபோல் இருவரும் என்னைப் பார்த்தார்கள்.

"அதெல்லாம் அவங்க பாத்துப்பாங்க," என்றார் அப்பா. "உனக்கு ஆட்டம் புரியாது டெஸ்."

ஓவனின் ஒப்பந்தமும் இந்த மார்ச்சோடு முடிகிறது. அது அந்த மேசையில் இருந்த மூவருக்கும் தெரியும். ஆனால் அப்பாவுக்குள் இரண்டு அறைகள் இருக்கின்றன. ஒன்றில் மருமகன். இன்னொன்றில் இடது கார்டு. இடையில் கதவு வைக்க மறந்துவிட்டார்கள். நான் பல்கலைக்கழகத்தில் தத்துவம் படித்தேன். இதைப் பற்றி அங்கே யாரும் எதுவும் சொல்லவில்லை.

விதியைச் சொல்லிவிடுகிறேன், அப்போதுதான் மற்றது புரியும். எனக்குப் புரியவில்லை, உங்களுக்காவது. மார்ச்சில் ஒரு திங்கள் மதியம் அணிகள் வெளி ஆட்டக்காரர்களோடு பேரம் பேசத் தொடங்கலாம். புதன் மாலைவரை யாரும் கையெழுத்துப் போடக்கூடாது. ஆகவே திங்களுக்கும் புதனுக்கும் நடுவே எல்லாம் முடிந்திருக்கும், ஆனால் எதுவும் நடந்திருக்காது. புதனுக்குப் பிறகும் அணி மருத்துவர் தட்டிப் பார்த்து, மடக்கிப் பார்த்து, சரி என்று சொன்னால்தான் ஆள் நம் ஆள். இந்த மாதிரி நிலையில் வருடம் முழுக்க வாழ்கிறவர்களை எனக்குத் தெரியும். ஆனால் அதற்காக யாரும் விருந்து வைப்பதில்லை.

அப்பா வைப்பார். நீங்கள் இங்கே இருந்த காலத்திலேயே தொடங்கிய விருந்து. அதே நிலவறை. அதே கோழி இறக்கைகள். அதே பெரிய தொலைக்காட்சி, அப்பாவின் நண்பர் அதே செஸ்டர், அதே நாற்காலியில். மிஸஸ் க்ரூபாவின் பேக்கரியில் 'வருக' என்று மட்டும் எழுதிய ஒரு கேக் ஒரு வாரம் முன்பே சொல்லிவைக்கப்படும். பெயருக்கு இடம் காலி. அணி யாரைப் பிடித்தது என்ற செய்தி வந்ததும் அப்பா பேக்கரிக்குப் போன் செய்வார். அந்தம்மா க்ரீமில் பெயரை எழுதுவார். யாராவது போய் எடுத்துவருவார்கள். சில வருடம் ஒருவரும் வரவில்லை. அப்போது 'வருக' என்று மட்டும் எழுதிய கேக்கை எல்லோரும் மௌனமாகத் தின்போம்.

இந்தத் திங்கள் ஓவனும் வந்திருந்தான். வராமல் எப்படி? நாற்காலிகளைக் கைக்கு நான்காகத் தூக்கிக் கீழே இறக்க வேறு யார் இருக்கிறார்கள்? அவனுடைய தொலைபேசி சட்டைப்பையில் இருந்தது. அவனுடைய ஏஜெண்ட் டேரில் அவ்வப்போது அழைப்பான். ஒவ்வொரு முறையும் ஒரே வார்த்தை. "இன்னும் உயிரோட இருக்கோம்டா." உயிரைப் பற்றி அதுவரை நான் யோசிக்கவில்லை.

பிறகு நடந்ததை ஒரே மூச்சில் சொல்லிவிடுகிறேன் அத்தை, நிறுத்தினால் சொல்ல மாட்டேன்: ஐஸ் தீர்ந்துவிட்டது என்று அப்பா கத்தினார், "ஏம்பா பெரியவனே, ஐஸ் வாங்கிட்டு வந்துடு" என்றார், ஓவன் உடனே எழுந்து போனான், அவன் கார் தெருமுனை திரும்பியிருக்கும், தொலைக்காட்சியில் சிவப்புப் பட்டையில் செய்தி ஓடியது, ரூஃபஸ் டில்லரி வருகிறார் என்று, மேற்குக் கரையில் இரண்டு வருடம் ஒரு எதிரியையும் உள்ளே விடாத ரூஃபஸ் டில்லரி, நிலவறைக் கூச்சல் கூரையைத் தொட்டது, செஸ்டர் இறக்கை எலும்போடு என்னைக் கட்டிக்கொண்டார், அப்பா தொலைக்காட்சிக்கு முத்தம் கொடுத்தார், கொடுத்த கையோடு பேக்கரிக்குப் போன் செய்து "ரூஃபஸ், இடது கார்டு, ரெண்டையும் எழுதுங்க, பெரிசா எழுதுங்க" என்றார், வைத்த கையோடு ஓவனுக்குப் போன் செய்து "வர்ற வழிதானே, அப்படியே கேக்கையும் எடுத்துட்டு வந்துடுப்பா" என்றார், அதையும் வைத்துவிட்டு சந்தோஷமாகத் திரும்பினார், எல்லோரும் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்கள், நான்தான் கேட்டேன், "அப்பா, டில்லரி எந்த இடத்துல ஆடறாரு?"

"இடது..." என்றார்.

அவ்வளவுதான். வார்த்தை பாதியில் நின்றது. உள்ளே சுவர் இடிந்து இரண்டு அறைகளும் ஒன்றானதை நான் பார்த்தேன்.

அப்பா மறுபடி ஓவனுக்குப் போன் செய்தார். எடுக்கவில்லை. கார் ஓட்டும்போது அவன் எடுப்பதில்லை. முதல் முறை எப்படி எடுத்தான் என்றால், அப்போது ஐஸ் கடையில் நின்றிருக்கிறான்.

பேக்கரியில் நடந்ததை மிஸஸ் க்ரூபா பிறகு சொன்னார். பெட்டி மூடியில் கண்ணாடித்தாள். உள்ளே நீலக் க்ரீமில் எழுத்து. ஓவன் வாசித்தான். மறுபடி வாசித்தான். "எழுத்து அழகா இருக்குங்க," என்றானாம். அந்தம்மா அப்போதுதான் அவன் யார் என்று கவனித்திருக்கிறார். ஏப்ரனால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதிருக்கிறார். தவக்காலம் என்றும் பாராமல் ஒரு பை நிறைய இனிப்பு பன்களைத் திணித்திருக்கிறார். ஓவன் காசு கொடுக்கப் பார்த்திருக்கிறான். "போடா கண்ணு, போ," என்று துரத்தியிருக்கிறார்.

அவன் நிலவறைப் படியில் இறங்கி வந்தான். ஒரு தோளில் ஐஸ் மூட்டை. இரு கையிலும் கேக். க்ரீம் ஓர் இடத்தில்கூடக் கலையவில்லை. தன் வேலை போன செய்தியை மடியில் வைத்து, குண்டும் குழியுமான ரிட்ஜ் சாலையில், ஆடாமல் அசையாமல் கொண்டுவந்திருக்கிறான்.

அப்பா வாயைத் திறந்தார். "இது வந்து... இது வேற ரூஃபஸ்."

அந்தச் சமயத்தில்தான் தட்டு நழுவியது.

"நல்ல ஆளுங்க, மிஸ்டர் டுடெக்," என்றான் ஓவன். "கால் என்னைவிட வேகம். கையும் நீளம். ரெண்டு பேர் சேர்ந்து முட்டினாலும் நகர மாட்டாரு."

"ஆமா, இல்ல?" என்றார் அப்பா. முகம் மலர்ந்துவிட்டது. உடனே சுருங்கியது. பிறகு எந்த முகத்தை வைத்துக்கொள்வது என்று தெரியாமல் இறக்கைத் தட்டைப் பார்த்தார்.

செஸ்டர் நல்லெண்ணத்தோடு எழுந்தார். "வரிசையில அஞ்சு பேர் இருக்காங்கல்ல? இவன் இருக்கட்டும்யா. வேற எவனையாவது தூக்குவோம்."

உடனே நிலவறை வேலையில் இறங்கியது. வலது கார்டை எடுக்கலாம் என்றார் ஒருவர். நடுவில் இருப்பவனுக்கு வயதாகிவிட்டது என்றார் இன்னொருவர். ஓவனை வலப்பக்கம் தள்ளலாமா என்று விவாதம். அவன் ஒவ்வொரு பெயருக்கும் தலையாட்டி மறுத்தான். "டேனிக்கு இப்பதாங்க ரெட்டைக் குழந்தை பொறந்திருக்கு." "மார்லன் எனக்கு முழங்கை எப்படி வைக்கணும்னு சொல்லிக்கொடுத்தவரு." கடைசியில் யாரையும் எடுக்க முடியவில்லை. ஓவனே கேக்கை வெட்டினான். 'இடது' என்று எழுதிய துண்டை அப்பாவுக்கு வைத்தான். அது தற்செயல் என்கிறான். நான் நம்புகிறேன். அவனுக்குக் குத்திக்காட்டத் தெரியாது. தெரிந்திருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும்.

வீட்டுக்குத் திரும்பும்போது காரில் நான் கத்தினேன். அப்பாவைப் பற்றி என்னென்ன சொன்னேன் என்று எழுதப்போவதில்லை, அவர் உங்கள் தம்பி. ஓவன் வானொலியைப் போட்டான். விளையாட்டு நிகழ்ச்சி. நேயர்கள் போன் செய்து திட்டுவார்கள். நான் கேட்பதில்லை.

"அடுத்து நம்ம பழைய நண்பர், ஆம்ஹெர்ஸ்ட்டுல இருந்து வால்ட்டர்," என்றார் நடத்துகிறவர். "சொல்லுங்க வால்ட்டர். உங்க ஆசை நிறைவேறிடுச்சு. மூணு வருஷமா இடது கார்டை மாத்து, மாத்துன்னீங்க."

ஒரு கனைப்பு. பின்னால் எங்கோ ஓர் ஆந்தை கூவியது.

அத்தை, அது நீங்கள் அப்பாவுக்குக் கிறிஸ்துமஸுக்குக் கொடுத்த கடிகாரம். மணிக்கு ஒரு பறவை. ஆந்தை எட்டு மணிக்கு. ஆம்ஹெர்ஸ்ட் பணக்காரர்களைப் பார்த்தாலே எரிச்சல் என்று வாழ்நாளெல்லாம் சொன்ன மனிதர், ஒளிந்துகொள்ள அந்த ஊரைத் தேர்ந்தெடுத்திருக்கிறார்.

நான் ஓவனைப் பார்த்தேன். அவன் சாலையைப் பார்த்துக்கொண்டிருந்தான். "உனக்குத் தெரியுமா?"

"ம். ரொம்ப நாளா."

"மூணு வருஷமா உன்னைத் தூக்கச் சொல்லிப் பேசிக்கிட்டிருந்தாரா?"

"வால்ட்டர் சொல்றது சரியாத்தான் இருக்கும் டெஸ். நான் இடது காலை முந்தி எடுத்துடறேன்னு அவருதான் முதல்ல கண்டுபிடிச்சாரு. எங்க பயிற்சியாளருக்கே அப்புறம்தான் தெரிஞ்சுது. அதுக்காகவே நான் வாராவாரம் கேப்பேன்."

எனக்குக் கத்த வேண்டும் போலிருந்தது. யாரை நோக்கி என்பது மட்டும் தெரியவில்லை. வானொலியில் வால்ட்டர் மறுபடி கனைத்தார்.

"அந்தப் பையனை விட்டுடாதீங்க," என்றார்.

"எந்தப் பையன்?"

"ஓவன் ஹால்வர்சன். அவனை வச்சுக்கங்க. டில்லரியையும் வச்சுக்கங்க. ரெண்டு பேரையும் நிறுத்துங்க."

"ஒரே இடத்துல ரெண்டு பேரா? வால்ட்டர், உடம்பு சரியில்லையா? நீங்கதானே அவனை அனுப்பச் சொன்னீங்க?"

"நான் திட்டுவேன்யா. அது என் இஷ்டம். அதுக்காக நீங்க அனுப்பிடுவீங்களா?"

இணைப்பு துண்டிக்கப்பட்டது. அவர்கள் துண்டித்தார்களா, அவரா என்று தெரியவில்லை. ஓவன் வண்டியை ஓரமாக நிறுத்தினான். இருவரும் பை நிறைய இருந்த இனிப்பு பன்களைத் தின்றோம். நடுவில் ஒருமுறை அவன் மூக்கை உறிஞ்சினான். சளி என்றான்.

செவ்வாய் ஒன்றுமில்லை. "இன்னும் உயிரோட இருக்கோம்," என்றான் டேரில். குரலில் உயிர் இல்லை.

புதன் மாலை அழைத்தான். "பாலைவனம்! பாலைவனம் கேக்குது உன்னை!"

உங்கள் ஊர் அணி, அத்தை. அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதமே. அவர்களுக்கும் முன்வரிசையில் ஓட்டையாம். ஓவன் சரி என்று சொல்லிவிட்டான். நாளை வெள்ளிக்கிழமை விமானம். கையெழுத்து அங்கே வந்துதான்.

ஆகவே உங்களிடம் ஒரு விண்ணப்பம். உங்கள் பக்கத்தில் வீடு பாருங்கள். வாசல்நிலை உயரமாக இருக்கட்டும், இந்த வீட்டில் அவன் நெற்றியில் நிரந்தரமாக ஒரு தழும்பு இருக்கிறது. குளியலறையில் குழாய் கூரையோடு ஒட்டி இருந்தால் நல்லது. பனி அள்ளும் மண்வெட்டியை இங்கேயே விட்டுவிட்டு வருகிறோம். பள்ளிக்கூடத்தில் படித்த நாளிலிருந்து இந்த ஊரைவிட்டுப் போக வேண்டும் என்று சொல்லிக்கொண்டிருந்தவள் நான். நேற்று கள்ளிப்பூக்களின் படங்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன். சந்தோஷமாகத்தான் இருந்தது. சந்தோஷம் என்றுதான் நினைக்கிறேன். பெட்டியில் துணி வைப்பதும் எடுப்பதுமாக இருக்கிறேன்.

இன்று காலை அப்பா வந்தார். கையில் வெண்ணெயில் வார்த்த ஆட்டுக்குட்டி. ஈஸ்டர் மேசையில் வைக்கும் அதே ஆட்டுக்குட்டி, மிளகுக் கண்கள், கழுத்தில் சிவப்பு நாடா.

"ஈஸ்டருக்கு இன்னும் நாள் கிடக்கேப்பா."

"அப்ப நீங்க இங்க இருக்க மாட்டீங்கல்ல," என்றார்.

மேசை நடுவில் வைத்தார். நம் வீட்டில் தலையை யாரும் வெட்டுவதில்லை, உங்களுக்குத் தெரியும். எல்லோரும் வாலிலிருந்து தொடங்குவார்கள். கடைசியில் தலை மட்டும் நம்மைப் பார்த்துக்கொண்டிருக்கும். ஓவனோ வாலைக்கூடத் தொட மாட்டான், பாவம் என்பான். வெறும் ரொட்டியைத் தின்பான்.

அப்பா கேட்டார். "அவங்க இங்க வந்து ஆடுவாங்களே, அன்னைக்கு நான் என்ன பண்றது?"

"எப்பவும்போல கத்துங்க," என்றான் ஓவன்.

"யாருக்கு?"

ஓவன் யோசித்தான். நிஜமாகவே யோசித்தான். "பந்து உங்ககிட்ட இருந்தா கத்துங்க. எங்ககிட்ட இருந்தா சும்மா இருங்க."

'உங்ககிட்ட', 'எங்ககிட்ட'. அப்பா அந்த வார்த்தைகளைக் கேட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். "இடது காலைப் பாத்துக்க," என்றார் கண்ணாடியிடம். "முந்தி எடுக்காத."

"சரிங்க, வால்ட்டர்," என்றான் ஓவன்.

அப்பாவின் காது சிவந்து நான் பார்த்ததே இல்லை. இன்னும் இங்கேதான் உட்கார்ந்திருக்கிறார். நான் அவரை மன்னித்துவிட்டேனா என்று செஸ்டர் கேட்டனுப்பினார். எனக்கும் தெரிந்துகொள்ள ஆவல்.

உங்கள் முட்டி சீக்கிரம் மடங்கட்டும். உங்கள் கள்ளிச்செடிகளுக்கும், கோல்ஃப் வண்டிக்கும், எதிர்வீட்டுப் பெண்மணிக்கும் எங்கள் அன்பு. புனித அன்னை உங்கள் வெயிலைக் கொஞ்சம் குறைத்து, அதில் ஒரு கை எங்கள் ஏரிக்கு அனுப்பட்டும். சனிக்கிழமை உங்கள் வாசலில் நிற்போம்.

இப்படிக்கு,
அன்பு மருமகள்
டெஸ்

பி.கு.: வீடு பார்க்க வேண்டாம். உறையை ஒட்டப் போகும்போது டேரில் அழைத்தான். டில்லரி மருத்துவச் சோதனையில் தேறவில்லை. முதுகு. நம் அணி ஓவனையே கேட்கிறது, ஒரு வருடத்துக்கு, பழைய இடத்துக்கே. "பாவம் ரூஃபஸ்," என்றான் ஓவன். பிறகு, "நீ சொல்லு டெஸ், எது வேணும்?" பாலைவனம் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். "இருப்போம்," என்று வந்தது. யார் சொன்னது என்று இன்னும் தேடிக்கொண்டிருக்கிறேன்.

அப்பா எழுந்து ஓவனைக் கட்டிக்கொண்டார். கைகள் பாதிவரைதான் எட்டின. அழுதார். அழுகை நடுவில் நின்றது. "அப்ப இடது பக்கம் மறுபடி ஓட்டைதானே?" என்றார்.

"ஆமாங்க, மிஸ்டர் டுடெக்," என்றான் ஓவன்.

அப்பா இப்போது வாசலில், தன் காருக்குள், கண்ணாடியை ஏற்றிவிட்டு யாருக்கோ போன் செய்துகொண்டிருக்கிறார். கை ஆட்டுவதைப் பார்த்தால் ஆம்ஹெர்ஸ்ட் வால்ட்டர் போலிருக்கிறது. ஓவன் வானொலியைத் தேடுகிறான்.

நான் கத்தியை எடுத்து ஆட்டுக்குட்டியின் தலையை வெட்டி, ரொட்டியில் தடவிச் சாப்பிட்டேன்.